இடது தோளுக்கு ஒரு துப்பாக்கி

க்ளெனிஸ் பெடோஸ் அந்தச் சபதத்தைச் செய்தபோது அவள் கையில் சூப் கரண்டி இருந்தது. அதனால்தான் அன்று யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஜனவரி மாதக் கடைசிச் சனிக்கிழமை அது. பெட்ஸ்டன் எஸ்டேட்டில் அந்த ஒரு நாள் மட்டும் கலைப்புக்காரர்களுக்கு உரியது. பருவம் முழுக்க வாராவாரம், மழையிலும் உறைபனியிலும் காட்டுக்குள் வரிசையாக நடந்து, மரத்தைத் தட்டி, உரச்சாக்கை வெட்டிச் செய்த கொடியை வீசி, ஃபெசன்ட் பறவைகளைக் கலைத்து மேலே எழுப்புகிறவர்கள் அவர்கள். சுடுகிறவர்கள் வேறு. காட்டுக்கு வெளியே புல்வெளியில் எட்டு முளைகள் அடித்திருக்கும். முளைக்கு ஒருவராக, பூட்ஸில் சேறு படாமல் நிற்கிற துரைமார் அவர்கள். கடைசி நாளில் துரைமார் வீட்டில் இருப்பார்கள். கலைப்புக்காரர்கள் இரண்டு அணியாகப் பிரிவார்கள்; ஒரு காட்டைக் கலைத்து முடிக்கிற ஒவ்வோர் ஓட்டத்துக்கும் ஓர் அணி முளையில் நின்று சுடும், மற்றது கலைக்கும், பிறகு மாறிக்கொள்ளும். யாருக்கு எந்த முளை என்பதைக் குச்சி உருவித்தான் முடிவு செய்வார்கள். எஸ்டேட்டின் காட்டுக் காவல்காரர் ஸ்டான்லி குவிலியம் ஒரு சின்னத் தோல் பையை நீட்டுவார். அதில் செருகியிருக்கும் குச்சிகளின் அடியில் எண் இருக்கும்.

அந்தத் தோல் பை இருபத்து மூன்று வருஷமாக க்ளெனிஸைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அவளுக்குப் பக்கத்தில் நிற்கிறவன் வரைக்கும் வரும், அவள் முன்னால் வந்ததும் ஏதோ குட்டையைத் தாண்டுகிற மாதிரி தாண்டி அடுத்தவனிடம் போகும். அவள் புருஷன் க்ளிஃப் அவளுக்கு ஐந்து வருஷம் கழித்துத்தான் கலைப்புக்கு வந்தான். வந்த முதல் ஜனவரியிலேயே, குவிலியத்திடம் இரவல் வாங்கிய துப்பாக்கியோடு அவன் குச்சி உருவினான். க்ளெனிஸ் பட்டாணியும் பன்றிக்காலும் போட்ட சூப்பைப் பெரிய பானையில் கொண்டுவந்து, பதினாறு பேருக்கு ஊற்றினாள். இப்படியே போனது. கோபம் அவளுக்கு இல்லாமல் இல்லை. ஆனால் பள்ளிக்கூடச் சமையல்காரியின் கோபத்துக்கு நேரம் ஏது? நூற்று நாற்பது பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு போடுகிறவள் அவள்.

அன்று எது அவளைக் கிளப்பிவிட்டதென்று அவளுக்கே தெரியாது. பை தாண்டிப் போனது, அவள் வாய் திறந்தது.

"மிஸ்டர் குவிலியம், அடுத்த வருஷம் அந்தப் பை இங்க நிக்கணும். நானும் உருவப் போறேன்."

குவிலியம் கெட்ட மனுஷர் இல்லை. அதுதான் சங்கடம். கெட்டவராக இருந்தால் சண்டை எளிது.

"உனக்கு எதுக்கும்மா குச்சி? நீ சூப்பைப் பாத்துக்கோ. நீ இல்லேன்னா இந்தப் பயலுங்க பாதிப் பேரு பட்டினி."

"எதை வச்சுச் சுடுவ க்ளெனிஸ்? அந்தக் கரண்டியாலயா?" என்றது வரிசையிலிருந்து ஒரு குரல்.

எல்லாரும் சிரித்தார்கள். க்ளிஃபும் சிரித்தான். அவன் சிரித்ததை அவள் பார்த்தாள் என்பது அவனுக்கு அன்று தெரியவில்லை; வீட்டுக்குப் போன பிறகு தெரிந்தது.

"சொந்தத் துப்பாக்கியால" என்றாள் க்ளெனிஸ்.

குவிலியம் தொப்பியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். "சரி, நான் சொல்றதக் கேட்டுக்கோ. சொந்தத் துப்பாக்கியோட வா. இரவல் கூடாது. பத்திரமாக் கையாளத் தெரியணும். ரெண்டும் இருந்தா உருவிக்கோ. எல்லாரும் சாட்சி."

எல்லாரும் சாட்சி என்று அவரே சொன்னார். அதை மறந்துவிட வேண்டாம்.

லைசென்ஸ் விஷயமாக ஏப்ரலில் போலீஸ் அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்தார். வந்தவர் சமையலறை மேஜையில் தாளை விரித்து, பேனாவை எடுத்து, க்ளிஃபைப் பார்த்துக் கேட்டார்: "இதுக்கு முன்னாடி துப்பாக்கி வச்சிருந்தீங்களா சார்?"

"விண்ணப்பம் போட்டது நான்" என்றாள் க்ளெனிஸ். "அவர் டீ போடுவார். உங்களுக்குச் சர்க்கரை எத்தனை?"

அந்த மனிதர் நல்லவர், காது சிவந்து மன்னிப்புக் கேட்டார். துப்பாக்கி வைப்பதற்கென்று சுவரில் திருகியிருந்த இரும்பு அலமாரியை அசைத்துப் பார்த்தார். பிறகு சொன்ன வாக்கியம்தான் அந்த வீட்டில் ஒரு வருஷத்துக்குச் சிரிப்பும் சண்டையுமாக ஓடியது.

"சாவி எங்க இருக்குன்னு உங்களுக்கு மட்டும்தான் தெரியணும் மிஸஸ் பெடோஸ். லைசென்ஸ் இல்லாத யாருக்கும் தெரியக் கூடாது. உங்க வீட்டுக்காரருக்கும்தான்."

க்ளிஃப் டீக் குவளையோடு அப்படியே நின்றான். பதினெட்டு வருஷம் குவிலியம் கொடுத்த துப்பாக்கியை, குவிலியம் பக்கத்தில் நிற்கச் சுட்டவன் அவன். சொந்தமாக லைசென்ஸ் வாங்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியதே இல்லை.

"முப்பத்தொரு வருஷமா ஒரே கட்டில்ல படுக்கிறோம்" என்றான். "அவளோட பல்செட் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்."

"அது வேற, சார்" என்றார் அதிகாரி.

க்ளிஃப் அன்றிலிருந்து தேட ஆரம்பித்தான். மாவு டின், கடிகாரத்தின் பின்புறம், தையல் பெட்டி. அலமாரிக்குள் துப்பாக்கியே இல்லாத காலத்தில் சாவியைத் தேடினான். எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியும், ஆனால் சட்டம் சட்டம்தான், நானும் சொல்ல மாட்டேன்.

ஜூன் மாதம் அவளுக்கு ஐம்பத்தாறு முடிந்தது. பிறந்த நாளன்று க்ளிஃப், "வா, ப்ரீஸ் கடைக்குப் போய்ட்டு வருவோம்" என்றான், முகத்தில் ஒரு மாதிரியான கள்ளச் சிரிப்போடு. ட்யூடர் ப்ரீஸின் துப்பாக்கிக் கடை சந்தைப் பட்டணத்துக்கு வெளியே ஒரு பழைய தானியக் களஞ்சியத்தில் இருந்தது. பின்பக்கச் சரிவில், களிமண் தட்டுகளை எந்திரத்தால் எறிந்து சுட்டுப் பழகுகிற இடம். அதைப் பார்த்துக்கொள்வது அவர் மகள் பெத்தன்.

க்ளெனிஸ் மூன்று மாதமாக இந்த நாளுக்குத்தான் காத்திருந்தாள். அவளுக்குத் துப்பாக்கியைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதை அவள் மறைக்கவும் இல்லை. வரிசையாக அடுக்கிவைத்த ஒவ்வொன்றையும் எடுத்து, தோளில் வைத்து, முட்டாள்தனமான கேள்வி எல்லாம் கேட்டு, ஒரு நாள் முழுக்கத் தின்றாலும் சரி, தானே ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதுதான் ஆசை. கல்யாணத்துக்கு உடுப்பு மாமியார் எடுத்தது. வீடு எஸ்டேட் கொடுத்தது. நாயைக்கூட க்ளிஃப்தான் கொண்டுவந்தான். இது ஒன்றாவது தன் கையால் ஆக வேண்டும் என்று அவள் நினைத்ததில் என்ன தப்பு?

ப்ரீஸ் மேஜைமேல் பச்சைத் துணியை விரித்தார். ஒரு துப்பாக்கியை எடுத்து அதில் வைத்தார்.

"வந்துட்டீங்களா கண்ணு? எல்லாம் தயார். கையெழுத்துப் போட்டா எடுத்துட்டுப் போயிடலாம்."

"எது தயார்?"

க்ளிஃபுக்கு அதற்குமேல் அடக்க முடியவில்லை. "நம்ம பசங்க எல்லாரும் பணம் போட்டிருக்காங்க க்ளென். பதினஞ்சு பேரும். குவிலியம்தான் வந்து பாத்து எடுத்தாரு. உனக்குன்னே."

அழகான துப்பாக்கிதான். இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. குழல் இரண்டும் பக்கம் பக்கமாக, இருபது போர் என்கிற சின்னக் குழல் அளவு, ஒல்லியாக, வெள்ளிப் பட்டையில் இரண்டு சின்னப் பறவைகள் செதுக்கியது. தூக்கினால் குடை கனம்கூட இல்லை.

"பொம்பளைங்களுக்கு இதான் சரி" என்றார் ப்ரீஸ். "லேசு. பன்னெண்டு போர்னா குழல் பெருசு, அதெல்லாம் ஆம்பளத் தோளுக்கு."

க்ளெனிஸ் அந்தச் சின்னப் பறவைகளை விரலால் தடவினாள். வந்தது அன்பா ஆத்திரமா என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. பதினைந்து பேரும் மழையில் அவளோடு நடந்தவர்கள். கிண்டல் செய்தவர்களே கைக்காசைப் போட்டிருக்கிறார்கள். ஆனால் எவனும் அவளைக் கூப்பிட்டு, உனக்கு எது வேணும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"சுட்டுப் பாக்கிறேன்" என்றாள்.

"இதுல பாக்க என்ன இருக்கு?" என்றான் க்ளிஃப். "தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாப்பாங்களா?"

"மாட்டுக்குப் பாக்க வேண்டாம். துப்பாக்கிக்குப் பாக்கணும்."

பின்பக்கச் சரிவில் பெத்தன் எந்திரத்தோடு நின்றாள். இருபத்து நாலு வயதுப் பெண், வாயில் எப்போதும் ஒரு மிட்டாய். இருபத்தைந்து தட்டு எறிந்தாள். க்ளெனிஸ் ஒன்றை உடைத்தாள். அதுவும் தட்டே பயந்து உடைந்ததோ என்னவோ. லேசான துப்பாக்கி ஒவ்வொரு முறையும் பின்னால் எகிறிக் கன்னத்தெலும்பில் அறைந்தது. பத்தாவது தோட்டாவிலேயே தோள் கன்றிப்போயிற்று.

"ஒத்தக் கண்ண மூடிக்கோ" என்றான் க்ளிஃப். "காலை அகட்டி வை. மூச்சப் பிடி. விடு. இல்ல, பிடி."

"க்ளிஃப், நீ போய் காரைப் பாத்துக்கோ."

"காருக்கு என்ன?"

"தனியா இருக்கு."

அவன் போன பிறகு பெத்தன் மிட்டாயை வாயின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்றினாள். "மிஸஸ் பெடோஸ், நீங்க தப்பாச் சுடல. எல்லாத் தட்டுக்கும் குண்டு ஒரே மாதிரி இடது பக்கமாத்தான் போகுது. தப்பாச் சுடுறவங்க நாலு பக்கமும் விடுவாங்க. ரெண்டு கையையும் நீட்டிச் சேத்து, நடுவுல சின்ன ஓட்டை வச்சு, அது வழியா அந்தக் கொடிக்கம்பத்தப் பாருங்க. ரெண்டு கண்ணும் தொறந்து. ஆங். இப்ப இடது கண்ண மூடுங்க."

"கம்பத்தக் காணோம்."

"வலது கண்ண மூடுங்க."

"இருக்கு."

"உங்களுக்கு இடது கண்ணுதான் எசமான். நீங்க வலது தோள்ல துப்பாக்கிய வச்சிட்டு இடது கண்ணால பாக்கறீங்க. இந்தத் துப்பாக்கிய வச்சு நூறு வருஷம் சுட்டாலும் இப்படித்தான்."

இதைக் கேட்டதும் க்ளெனிஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஊசியில் நூல் கோக்கையில் ஏன் எப்போதும் தலையை ஒரு பக்கமாகச் சாய்க்கிறாள் என்று ஐம்பத்தாறு வருஷம் கழித்து விளங்கியது.

"அப்ப நான் என்ன செய்யணும்?"

"இடது தோளுக்கு மாறணும். கஷ்டம். இந்த வயசுல..." பெத்தன் நிறுத்திக்கொண்டாள்.

"சொல்லு. இந்த வயசுல என்ன?"

"ஒண்ணும் இல்ல. மாறலாம்."

தோளில் பதிகிற மரக்கட்டையை இடது தோளுக்கென்று வளைத்த துப்பாக்கி கடையில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அடுக்கின் கோடியில், வாங்க ஆளில்லாமல் இரண்டு வருஷமாக நின்றது. இடது கைப் பன்றிப் பண்ணைக்காரர் ஒருவர் விற்றுவிட்டுப் போனது. பன்னிரண்டு போர், குழல் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியது, நீளம், கனம், மூன்றரைக் கிலோவுக்குமேல். கட்டையில் ஒரு பக்கம் முழுக்கக் கீறல். பூவும் கிடையாது, பறவையும் கிடையாது.

ப்ரீஸ் பார்த்ததும் கையை ஆட்டினார். "அது வேண்டாம் கண்ணு. அரை மணி நேரம் தூக்க முடியாது உங்களால. அதோட, ஃபெசன்ட் வேட்டைக்கு இந்த அடுக்குக் குழலோட வந்து நின்னா நம்ம பக்கத்துல என்ன சொல்வாங்க? அது தட்டு உடைக்கிறவங்க வச்சுக்கிறது."

"மிஸ்டர் ப்ரீஸ், பள்ளிக்கூடத்துல மசிச்ச உருளைக்கிழங்குப் பானைய யாரு அடுப்புலேர்ந்து இறக்கறாங்கன்னு நெனைக்கிறீங்க? ஹெட்மாஸ்டரா?" என்றாள் க்ளெனிஸ். "அப்புறம், கண்ணுன்னு கூப்பிடாதீங்க. எனக்கு ரெண்டு கண்ணு இருக்கு, எது எசமான்னு இப்பத்தான் தெரிஞ்சிருக்கு."

அந்தப் பன்றிப் பண்ணைத் துப்பாக்கியை இடது தோளில் வைத்தாள். கை தடுமாறியது, விரல் விசையைத் தேடியது, எல்லாம் கண்ணாடியில் பார்த்துத் தலை வாருவது போல இருந்தது. ஆனால் கன்னம் கட்டையில் படிந்ததும் குழலின் நுனி தானாகவே எதிரே வந்து நின்றது. முதல் ஆறு தட்டு போயிற்று. ஏழாவது தூளாக உடைந்து கரும்புகையாகப் பரவியது. எட்டாவது, பத்தாவது. கன்னத்தில் அடி விழவில்லை; கனம் முழுக்க உதையை வாங்கிக்கொண்டது. லேசானது பெண்ணுக்கு நல்லது என்று பதினைந்து பேர் நினைத்தார்களே, அவர்களில் ஒருவனாவது லேசான துப்பாக்கியால் இருபத்தைந்து தோட்டா சுட்டுப் பார்த்திருப்பானா? இருபத்தைந்தில் ஒன்பது உடைந்தது. பெத்தன் மிட்டாயை விழுங்கிவிட்டாள்.

கடைக்குள் க்ளிஃப் பச்சைத் துணிக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். விஷயத்தைக் கேட்டதும் முகம் சுண்டிப்போனது.

"க்ளென், அவங்க எல்லாம் பணம் போட்டாச்சு. குவிலியத்துக்கு நான் என்ன சொல்லுவேன்?"

"பணம் அவங்க பணம், ப்ரீஸ் திருப்பிக் கொடுத்துடுவாரு. நான் என் பணத்துல இத எடுக்கிறேன்."

"அது இல்ல பிரச்சினை."

"தெரியும். அது இல்ல பிரச்சினை."

ப்ரீஸ் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். சட்டப்படி துப்பாக்கி யார் பெயரில் போகிறதோ அவர் கையெழுத்து இல்லாமல் அது கடையை விட்டு நகராது. பதினைந்து பேர் பணம் போட்டிருக்கலாம், மாவட்டமே போட்டிருக்கலாம். லைசென்ஸ் க்ளெனிஸ் பெடோஸ் பெயரில். ஆயுளில் முதல் தடவையாக, அவள் கையெழுத்துக்கு அவள் ஊர் முழுக்கக் காத்திருந்தது. பேனாவை எடுத்தாள். கீறல் விழுந்த துப்பாக்கிக்குப் போட்டாள்.

காரில் க்ளிஃப் பாதையை மட்டும் பார்த்து ஓட்டினான். வீடு வந்து இறங்கும்போது, "சாவி இனிமே நெசமாவே வேணும்ல" என்றான்.

குவிலியம் கோபித்துக்கொண்டார். சத்தம் போடுகிற கோபம் இல்லை, அதைவிட மோசம். நவம்பரில் பருவம் தொடங்கியபோது அவளுக்கு வரிசையின் கோடியில், முள் புதருக்குப் பக்கத்தில் இடம் கொடுத்தார். எப்போதும் "வந்துட்டியா" என்று கேட்கிறவர் தலையை மட்டும் ஆட்டினார். மற்றவர்களும் அப்படித்தான். ஓட்டத்துக்கும் ஓட்டத்துக்கும் நடுவில் கைமாறுகிற குப்பி, காட்டு முள்பழம் ஊறிய ஜின் மது நிரப்பியது, அவளுக்கு முந்தின ஆளோடு திரும்பிப் போனது. முன்பெல்லாம் தோல் பைதான் தாண்டிப் போகும். இப்போது குப்பியும்.

"நம்ம அன்ப மூஞ்சில எறிஞ்சவ" என்று மதுக்கடையில் யாரோ சொன்னதாக க்ளிஃப் வந்து சொன்னான்.

"அன்ப எறியல. துப்பாக்கியத்தான் வேண்டாம்னேன்" என்றாள் க்ளெனிஸ். ஆனால் அன்று இரண்டு தட்டை அவள் கழுவின வேகத்தில் ஒன்று விளிம்பு போனது. வலித்தது அவளுக்கு. இருபத்து மூன்று வருஷத் தோழமை அது. பிடிவாதம் பிடித்தவளுக்கு வலிக்காது என்று நினைப்பவர்களுக்குப் பிடிவாதத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது.

தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சமையலறையில் நின்று, குழலைத் திறந்து காலியாக இருக்கிறதென்று இரண்டு முறை பார்த்து மூடி, இடது தோளுக்கு நூறு தடவை ஏற்றி இறக்கினாள். ஞாயிறுதோறும் பெத்தனிடம் போனாள். ஒன்பது பன்னிரண்டானது, பன்னிரண்டு பதினெட்டானது. கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் திரும்ப எட்டுக்கு இறங்கி அவளை அழ வைத்தது. க்ளிஃப் டீ போட்டுக் கொடுத்தான். தோளுக்கு வெந்நீர் ஒத்தடமும் கொடுத்தான். ஒத்தடம் கொடுக்கும்போது, "சாவி துண்டு அலமாரில தான?" என்று கேட்டுப் பார்த்தான். இல்லை என்றாள்.

ஜனவரிக் கடைசிச் சனிக்கிழமை வந்தது. இரவெல்லாம் பனி இறுகி, புல் கண்ணாடி மாதிரி நொறுங்கியது. எஸ்டேட் களஞ்சியத்தின் முற்றத்தில் பதினாறு பேரும் வட்டமாக நின்றார்கள். க்ளெனிஸ் துப்பாக்கியைத் திறந்த நிலையில் கைமேல் மடித்துப் போட்டுக்கொண்டு வந்தாள். கீறல் பக்கம் எல்லாருக்கும் தெரிந்தது. 

குவிலியம் வழக்கமான எச்சரிக்கையைச் சொன்னார். பறவைக்குப் பின்னால் வானம் தெரிந்தால்தான் சுட வேண்டும். காட்டுக்குள் ஆள் இருக்கிறது என்பது நினைவிருக்கட்டும். கொம்பு ஊதினால் குழலைத் திற. பிறகு பையை எடுத்தார். சுற்றி வந்தார். க்ளெனிஸுக்கு இந்தப் பக்கம் நின்றவன் உருவினான். மற்ற எல்லாரும் உருவின பிறகு பை அவளுக்கு முன்னால் வந்தது.

நின்றது. ஆனால் மூடிய கைக்குள் நின்றது.

"இந்த வருஷம் ஆளு ஜாஸ்தி" என்றார் குவிலியம், அவளைப் பார்க்காமல். "நீ கலைப்போட வா க்ளெனிஸ். அடுத்த வருஷம் பாக்கலாம்."

ஆள் அதே பதினாறுதான். எண்ணத் தெரிந்த எவனுக்கும் அது தெரியும்.

"போன வருஷம் இதே இடத்துல நீங்க ஒரு விதி சொன்னீங்க மிஸ்டர் குவிலியம்" என்றாள். மடித்திருந்த துப்பாக்கியை அவர் பார்க்கும்படி கொஞ்சம் உயர்த்தினாள். "சொந்தத் துப்பாக்கி இருந்தாத்தான் உருவலாம். இரவல் கூடாது. எல்லாரும் சாட்சின்னீங்க."

"சொன்னேன்."

"விதின்னா எல்லாருக்கும்தான? என் துப்பாக்கி இதோ. லைசென்ஸ் கோட்டுப் பையில இருக்கு. அப்ப இரவல் வச்சிருக்கிறவங்க குச்சியத் திருப்பிப் பையில போடச் சொல்லுங்க. மூணு பேரு இருக்காங்க. அதுல ஒருத்தரு என் வீட்டுக்காரரு."

முற்றத்தில் ஒரு நாய் மட்டும் உடம்பை உலுக்கிக்கொண்டது. க்ளிஃப் கையிலிருந்த குச்சியைப் பார்த்தான். மூன்று என்று போட்டிருந்தது. பதினெட்டு வருஷத்தில் அவனுக்கு வந்த மிக நல்ல முளை அது. மூன்றாம் முளைக்கு மேலேதான் பறவைகள் நிறைய வரும். அவன் பெண்டாட்டியைப் பார்த்தான். போன வருஷம் சிரித்தது அவனுக்கு நினைவு வந்திருக்க வேண்டும்.

வட்டத்தைத் தாண்டி நடந்து வந்தான். குச்சியைப் பையில் போடவில்லை. அவள் கையில் வைத்தான்.

"எங்கிட்ட இருக்கிறது இரவல்தான்" என்றான். "விதி விதிதான் ஸ்டான்."

மற்ற இரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள். குவிலியம் நீண்ட நேரம் தாடையைத் தடவினார். பிறகு பையை மூடி உள்ளே வைத்துக்கொண்டு, "இரவல்காரங்க அவங்கவங்க குச்சிய வச்சுக்கோங்க. அந்த விதிய நான் வாபஸ் வாங்கிக்கிறேன்" என்றார். "க்ளெனிஸ் மூணாம் முளை. க்ளிஃப், நீ கோடிக்கு, முள்ளுப் பக்கம்."

அவள் மூன்றாம் முளையில் போய் நின்றாள். இத்தனை வருஷம் காட்டுக்குள்ளிருந்து கேட்ட சத்தத்தை முதல் தடவையாக வெளியிலிருந்து கேட்டாள்: குச்சிகள் மரத்தைத் தட்டுகிற சத்தம், கொடிகளின் சடசடப்பு, "ஏய்... ஏய்..." என்ற கூவல். முதலில் ஒரு பெட்டை ஃபெசன்ட் வேலிக்குச் சமமாகத் தாழ்வாக, நேராக அவளை நோக்கிப் பறந்து வந்தது. எளிதில் விழும். பின்னால் வானம் இல்லை, மரம்தான், மரத்துக்குள் ஆட்கள். அவள் குழலை ஏற்றவே இல்லை. காட்டோரத்தில் நின்ற குவிலியம் அதைப் பார்த்தார்.

பிறகு ஃபெசன்ட் சேவல் ஒன்று எழுந்தது. மர உச்சியைத் தாண்டி, காற்றைப் பிடித்து, இன்னும் மேலே. அவள் சுட்டாள், தவறியது. இரண்டாவதும் தவறியது. யாரோ பக்கத்தில் தொண்டையைக் கனைத்தார்கள். குழலைத் திறந்து, காலித் தோட்டாவை உதறி, புதிதாகப் போட்டு மூடினாள். அடுத்தது அதைவிட உயரத்தில், வலதிலிருந்து இடதாக வளைந்து வந்தது. இடது தோள், இடது கண், கனமான குழல் தன் போக்கில் பறவையோடு நகர்ந்து, அதைத் தாண்டி, இன்னும் கொஞ்சம் தாண்டியது. சுட்டாள். சேவல் வானத்திலேயே உயிர்விட்டு, வளைவு மாறாமல் வந்து, பின்னால் உறைந்த புல்லில் திடுமென்று விழுந்தது.

க்ளிஃப் முள் புதருக்குப் பக்கத்திலிருந்து கத்தினான். என்ன கத்தினான் என்று புரியவில்லை. ஆனால் சந்தோஷம்.

மத்தியானம் களஞ்சியத்தில் வைக்கோல் கட்டுகள்மேல் எல்லாரும் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்து, கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, மெதுவாக ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தார்கள். பானை இல்லை.

"சூப்?" என்றான் ஒருவன்.

"நான் மூணாம் முளையில இருந்தேன்" என்றாள் க்ளெனிஸ். "சூப் முளையில யாரு இருந்தீங்க?"

 பிறகு கரண்டியால் சுடுவாயா என்று போன வருஷம் கேட்டவனே முதலில் சிரித்தான். ரொட்டியும் பாலாடைக்கட்டியும் ஆளுக்குக் கொஞ்சமாகப் பிய்த்துக்கொண்டார்கள். முள்பழ ஜின் குப்பி சுற்றி வந்தது. அவளிடம் வந்தபோது தாண்டவில்லை.

குவிலியம் எழுந்து வந்து அவளுக்குப் பக்கத்தில் நின்றார். 

"அந்த இருபது போர் நல்ல துப்பாக்கிதான்" என்றார் கடைசியில்.

"அழகான துப்பாக்கி" என்றாள் அவள். "எல்லாருக்கும் நன்றி சொல்லணும்னு நெனைச்சிட்டே இருந்தேன். நெஜமா."

"தாழ்வா வந்த அந்தப் பெட்டைய விட்டுட்ட."

"வானம் தெரியல."

அவர் தலையாட்டினார். பிறகு கையை நீட்டினார். "கொடு, பாக்கலாம்."

அவள் குழலைத் திறந்து, காலி என்று காட்டி, அவரிடம் கொடுத்தாள். குவிலியம் அதைக் கையில் எடை பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார், நாற்பது வருஷப் பழக்கத்தில் மூடி, காலியான வயலைப் பார்த்துத் தன் வலது தோளில் ஏற்றினார். கட்டை கன்னத்தை விட்டு விலகி நின்றது. இறக்கி மறுபடி ஏற்றினார். கழுத்தை வளைத்துப் பார்த்தார். குழல் எங்கேயோ பார்த்தது.

"எனக்கு இது பொருந்தவே இல்லையே" என்றார்.

"ஆமா" என்றாள் க்ளெனிஸ், கையை நீட்டி அதைத் திருப்பி வாங்கிக்கொண்டு. "உங்களைக் கேக்காம எடுத்தது."